முட்டை முந்தியதா, பனை முந்தியதா?

மல்லாவிப் பக்கம் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. "சேர், மெய்யியல் கேள்விகளுக்கு முடிந்த முடிவாக ஒரு பதில் இருக்குமா? அளவையியல் பாடத்தில் சரி, பிழை என்று திருத்துகிறீர்கள். கடவுள், ஆன்மா, நீதி, சுயவிருப்பு என்று வந்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கம்பஸில் மெய்யியல் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் அப்பா, 'ரெண்டாயிரம் வருசமா முடியாத கதையை நீ போய் முடிக்கப் போறியோ?' என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?"

பிள்ளை, அப்பாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வயலுக்குப் போகிற மனிதர் எதையும் விளைச்சலை வைத்துத்தான் பார்ப்பார். ஆனால் அவர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். மெய்யியல் கேள்விகளில் சிலவற்றுக்கு முடிந்த பதில் உண்டு, கிடைத்தும்விட்டது. வேறு சிலவற்றுக்குக் கிடைத்த பதில் "இது மட்டும் நிச்சயமாக இல்லை" என்ற வடிவில் இருக்கிறது. சிலவற்றுக்குப் பதில் இருந்தும் நமக்கு எட்டாமல் இருக்கலாம். இன்னும் சில, பார்வைக்குக் கேள்வி போல இருந்தாலும் உள்ளே ஒன்றும் இல்லாதவை. எந்தக் கேள்வி எந்த வகை என்பதைக் கேள்வியைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்லலாம். அந்தப் பிரிக்கிற வேலைதான் மெய்யியலில் பாதிக்கு மேல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "முடிந்த பதில் உண்டா" என்று கேட்கும்போது மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பதில் என்று ஒன்று இருக்கிறதா என்பது ஒன்று. அது நமக்குத் தெரியுமா என்பது இன்னொன்று. தெரிந்தாலும் எல்லோரும் அதை ஒத்துக்கொள்கிறார்களா என்பது மூன்றாவது. மூன்றாவது இல்லை என்பதைக் காட்டி, முதலாவதும் இல்லை என்று முடிவு கட்டுவது நம் வகுப்புகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

கணிதத்தில் பாருங்கள். 2ஐவிடப் பெரிய இரட்டை எண் ஒவ்வொன்றையும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா என்ற ஐயம் 1742இல் கோல்ட்பாக் எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது. இன்றுவரை யாரும் நிறுவவில்லை, மறுக்கவும் இல்லை. அதற்காக "அதற்குப் பதிலே கிடையாது, அவரவர் விருப்பம்" என்று எந்தக் கணித ஆசிரியரும் சொல்வதில்லை.

இதை வன்னியில் இருப்பவர்களுக்கு விளக்கக் கணிதம் தேவையில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உட்கார்ந்தார்கள். கையில் படம், வாயில் ஒரே கேள்வி: என் பிள்ளை எங்கே? அந்தக் கேள்விக்கு முடிந்த பதில் இருக்கிறது. இருக்கிறாரா, இல்லையா, என்ன நடந்தது, எந்த இடத்தில், யார் கையில் என்பதெல்லாம் நடந்த விஷயங்கள். தெரியாமல் இருப்பதால் அது மெய்யியல் கேள்வி ஆகிவிடாது. "உண்மை என்பதே ஆளுக்கு ஆள் வேறு" என்று பட்டிமன்றத்தில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களை அந்தக் கொட்டிலுக்குள் கூட்டிக்கொண்டுபோய் அதே வசனத்தைச் சொல்லச் சொன்னால் நா எழும்பாது. பதில் தெரியாமை வேறு, பதில் இல்லாமை வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

சரி, மெய்யியலுக்கு வருவோம். இந்தக் கேள்வியை நம் ஆட்கள் கேட்காமல் விடவில்லை. மணிமேகலையின் கடைசிக் காதை, முப்பதாவது, காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருமம் உரைக்கும் இடம். அங்கே வினாவுக்கு விடை நான்கு வகை என்கிறார் அடிகள். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. பௌத்தர்களின் பழைய பாகுபாடுதான் இது, பாளி நூல்களிலும் உண்டு. ஆனால் சாத்தனார் தரும் உதாரணங்களில் பனையடி மண் ஒட்டியிருக்கிறது. தமிழ் படித்த எல்லோருக்கும் நன்னூலின் எட்டு வகை விடை வரப்பாடமாகத் தெரியும். இந்த நான்கைக் கேட்டால் முழிப்பார்கள். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் ஆதங்கம்.

துணிந்து சொல்லல் இலகுவானது. தோன்றியது அழியுமா, அழியாதா? அழியும். நேராகச் சொல்லிவிடலாம்.

கூறிட்டு மொழிதலுக்கு அடிகளின் உதாரணம்: செத்தவன் மறுபடி பிறப்பானா, மாட்டானா? அதற்கு, அவன் பற்று அற்றுச் செத்தவனா, பற்றோடு செத்தவனா என்று கேட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆளுக்கும் ஒரே பதில் கிடையாது. மறுபிறப்பு என்பதை ஏற்காதவர்களுக்கும் இந்த முறை உதவும். போருக்குப் பின் செட்டிகுளம் முகாம்களிலிருந்து காணிக்குத் திரும்பிய குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூரை இல்லை, சுவர் இல்லை, நட்ட மரம் இல்லை. கிணறு மட்டும் இருந்தது, அதுவும் தூர்ந்துபோய். பிறகு வீட்டுத்திட்டத்தில் அதே அத்திவாரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வீடு எழும்பியது. இது பழைய வீடா? காணி அதே காணி. பெர்மிற்றும் அதே பெர்மிற். கல்லும் சீமெந்தும் வேறு. குடியிருப்பவர்களில் சிலர் இல்லை. ஒவ்வொரு கூறுக்கும் துல்லியமான பதில் இருக்கிறது. கேள்வியைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு "அதேதானா, இல்லையா" என்று இழுபறிப்பட்டால்தான் விடியும்வரை முடியாது.

கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்டது இதே கேள்விதான். பலகை பலகையாக மாற்றிய பிறகும் அது பழைய கப்பலா? பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் ஒரு குசும்பு சேர்த்தார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? சனம் இல்லாத காலத்தில் கதவும் நிலையும் ஓடும் கழற்றப்பட்டு வேறு எங்கோ ஒரு வீட்டில் ஏறியிருப்பதை நம் ஊர்களில் பலர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஹொப்ஸின் கேள்வி அவர்களுக்குப் புத்தகக் கேள்வி அல்ல. வீட்டைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம்: எல்லாக் கூறுகளையும் சொல்லி முடித்த பிறகு "ஆனாலும் உண்மையில் அதுதானா?" என்று கேட்க மிச்சம் ஒன்றும் இல்லை. ஆள் என்று வரும்போது அப்படிக் கையை உதறிவிட முடியாது. ஐந்து வயதில் இருந்த நான்தான் இந்த நானா என்பது பிரித்த பிறகும் முள்ளாகக் குத்துகிறது. டெரெக் பார்ஃபிட் என்ற மெய்யியலாளர் 1984இல் ஆளுக்கும் வீட்டுக்கதைதான் என்று வாதாடினார். அவர் காரணங்கள் பலமானவை, மனம்தான் இணங்க மறுக்கிறது.

வைகாசியில் வகுப்பில் தவறாமல் வரும் இன்னொரு சண்டையும் இந்த வகைதான். வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் எடுக்கும் நீரில் விளக்கு எரிவது பற்றியது. எரிகிறதா என்பது காட்சி அளவையால், அதாவது கண்ணால் பார்த்து அறியும் வழியால், தீரும். எப்படி எரிகிறது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். அது அம்மனின் அருளா என்பது மூன்றாவது கேள்வி, முதல் இரண்டின் விடை எதுவாக வந்தாலும் அது அப்படியே நிற்கும். ஒரு பக்கம் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், மறுபக்கம் மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் வென்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

மூன்றாவது வகைக்கு அடிகளின் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. முட்டை முந்தியதா, பனை முந்தியதா என்று கேட்கிறான் ஒருவன். எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேள், அதுதான் விடை என்கிறார். ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாத இரண்டைப் பிடித்து வரிசைப்படுத்தச் சொன்னால், வரிசைப்படுத்தத் தொடங்குகிறவன்தான் ஏமாந்தவன். சுயவிருப்புப் பற்றிய விவாதத்தில் பெரும்பகுதி இந்த வகையில் விழும். மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா என்றால், எதிலிருந்து சுதந்திரம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். துப்பாக்கி முனையிலிருந்தா, பழக்கத்திலிருந்தா, மூளைக்குள் நடக்கும் இரசாயன மாற்றத்திலிருந்தா? கேட்டவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் பாதி மூட்டம் கலைந்துவிடும். மீதிப் பாதி கலையாது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான்காவது வாய்வாளாமை. ஆகாயப்பூ பழையதா, புதியதா என்று கேட்பவனுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது. இங்கே கவனம் தேவை. புத்தர் மௌனம் காத்த கேள்விகள் வேறு உண்டு: உலகம் என்றென்றும் உள்ளதா, அதற்கு எல்லை உண்டா, உயிரும் உடலும் ஒன்றா என்பன போல. மாலுங்கியபுத்தர் என்ற சீடர், இவற்றுக்குப் பதில் சொல்லாவிட்டால் துறவை விட்டுப் போகிறேன் என்று நின்றபோது புத்தர் சொன்னது நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவனின் கதை. எய்தவன் என்ன குலம், வில் என்ன மரம் என்று தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் அவன் செத்துப்போவான். அங்கே மௌனத்துக்குக் காரணம், அந்தப் பதில் துன்பத்தைத் தீர்க்க உதவாது என்பது. ஆகாயப்பூ விஷயத்தில் காரணம், கேட்கப்படும் பொருளே கிடையாது என்பது. முதலாவதில் பதில் இருக்கலாம், தேடுவதால் பயனில்லை. இரண்டாவதில் தேடவே ஒன்றும் இல்லை. இந்த இரண்டு மௌனங்களையும் ஒன்றாக்கிப் பேசுவது பெரிய ஆட்களிடமும் இருக்கும் வழக்கம்.

வாய்வாளாமையை ஆயுதமாக எடுத்தவர்களும் உண்டு. 1920கள், 30களில் வியன்னாவில் கூடிய தருக்கப் புலனறிவாதிகள், அனுபவத்தால் சோதிக்க முடியாததும் வெறும் தருக்கமாக அமையாததுமான கூற்றுகள் பொருளற்றவை என்றார்கள். கடவுள், ஆன்மா, நன்மை எல்லாம் ஒரே வீச்சில் ஆகாயப்பூ ஆகிவிட்டன. உயர்தரப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும், பழைய பாடத்தில் பாதியைப் படிக்காமல் விடலாம் அல்லவா. ஆனால் அந்த விதியையே எடுத்து, நீ அனுபவத்தால் சோதிக்கக்கூடிய கூற்றா, வெறும் தருக்கமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. தான் வைத்த பரீட்சையில் தானே தோற்றது. அந்த விதி, அவர்கள் சொன்ன அந்த வடிவில், இனி எழும்பாது.

இங்கேதான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் வருகிறது. மெய்யியலில் முடிந்த முடிவுகள் நிறையவே இருக்கின்றன, பெரும்பாலும் மறுப்புகளாக. மறுபடி மணிமேகலையைத்தான் எடுக்கிறேன். இருபத்தேழாவது காதையில் அவள் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். நிலம், நீர் முதலிய பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்னும் பூதவாதி, கண்ணால் காண்பதே அளவை, அனுமானம் செல்லாது என்ற பக்கம் நிற்கிறான். அவள் சிரித்துவிட்டு, உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். ஒரே வாக்கியம்தான். "காட்சி மட்டுமே அளவை" என்ற கொள்கையை அதன்பிறகு யார் தூக்கினாலும் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காட்சிதான் எல்லாவற்றிலும் வலுவான அளவை என்று சொல்லலாம், அது வேறு கொள்கை. பழையது போய்விட்டது.

இதற்குச் சமமான ஒன்று 1963இல் நடந்தது. அறிவு என்றால் என்ன? உண்மையான ஒன்றை, தக்க காரணத்தோடு நம்புவது என்பது பிளேட்டோ காலத்திலிருந்து புழக்கத்தில் இருந்த விளக்கம். எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி அதை உடைத்தார். அவருடைய உதாரணம் கொஞ்சம் சிக்கலானது, பேர்ட்ரண்ட் ரசல் ஏற்கெனவே தந்திருந்த மணிக்கூட்டு உதாரணமே நமக்குப் போதும். காலையில் கடைக்குப் போகிறீர்கள், சுவர் மணிக்கூடு ஏழு பத்து காட்டுகிறது. ஏழு பத்து என்று நம்புகிறீர்கள். உண்மையிலேயே ஏழு பத்துத்தான். ஆனால் அந்த மணிக்கூடு நேற்று இரவு ஏழு பத்துக்கே நின்றுபோனது. நம்பிக்கை இருக்கிறது, அது உண்மை, மணிக்கூட்டைப் பார்த்தது தக்க காரணம். நேரம் உங்களுக்குத் தெரிந்ததா? இல்லை, தற்செயலாகப் பொருந்திவிட்டது. அறிவுக்குச் சரியான விளக்கம் என்ன என்பதில் இன்னும் இழுபறி உண்டு. ஆனால் அந்த மூன்று அம்சங்கள் மட்டும் போதாது என்பது பெரும்பாலும் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு.

நம் பாடத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. உண்மை அட்டவணை போட்டு ஒரு வாதம் வாய்ப்பானதா, அதாவது எடுகூற்றுகள் உண்மையானால் முடிவும் உண்மையாகியே தீருமா என்று கண்டுபிடிக்கிறீர்கள். யோசிக்கத் தேவையில்லை, பொறுமை போதும். "எல்லா", "சில" வரும் வாக்கியங்களுக்கும் இப்படி ஒரு இயந்திர முறை இருக்கிறதா என்று டேவிட் ஹில்பேர்ட் 1928இல் கேட்டார். அலன்சோ சேர்ச்சும் அலன் டியூரிங்கும் 1936இல் தனித்தனியே நிறுவினார்கள்: எல்லா வாதங்களுக்கும் பொருந்தும் அப்படியொரு முறை இருக்கவே முடியாது. லைப்னிட்ஸ் கனவு கண்டார், சச்சரவு வந்தால் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தீர்த்துவிடலாம் என்று. அந்தக் கனவு எங்கே முடியும் என்று கோடு போட்டுக் காட்டியாயிற்று. அந்த வேலையின் வழியில்தான் கணினி என்ற எண்ணமே துலங்கியது.

இனி, பதில் கிடைத்து வீட்டை விட்டு வெளியேறிய கேள்விகள். பேர்ட்ரண்ட் ரசல் 1912இல் இதைச் சொன்னார். ஒரு விஷயத்தில் துல்லியமான அறிவு கிடைத்தவுடன் அதை மெய்யியல் என்று கூப்பிடுவதை விட்டுவிடுகிறோம், அது தனி விஞ்ஞானமாகிவிடுகிறது, அதனால்தான் மெய்யியலிடம் விடையில்லாதவை மட்டும் மிஞ்சியது போலத் தெரிகிறது என்று. நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இயற்கை மெய்யியல் என்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து வேறு வளவில் குடியேறிய பிறகு, இந்த வீட்டில் பிள்ளைகளே இல்லை என்று சொல்வது போன்ற கணக்கு இது.

இதில் எனக்குப் பிடித்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1688இல் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மொலினியூ, ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக்கின் கருத்துகளை வாசித்துவிட்டு ஒரு கேள்வி எழுதினார். அவருடைய மனைவி பார்வை இழந்தவர் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர், உருண்டை எது, கனசதுரம் எது என்று தொட்டுச் சொல்லப் பழகியிருக்கிறார். ஒருநாள் அவருக்குப் பார்வை கிடைக்கிறது. தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை என்று சொல்வாரா? சொல்லமாட்டார் என்றார் மொலினியூ. லொக்கும் ஒத்துக்கொண்டு தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், சேர்த்தார். பார்க்லியும் முடியாது என்றார். லைப்னிட்ஸ், முன்கூட்டியே அவை இரண்டும் அங்கே இருப்பதாகச் சொல்லிவைத்தால் யோசித்துக் கண்டுபிடிப்பார் என்றார். அறிவு முழுவதும் புலன்வழி வருகிறதா, மனத்துக்குள் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்ற பெரிய சண்டை முழுவதும் இந்தச் சின்னக் கேள்விக்குள் அடங்கியிருந்தது. 1728இல் செசல்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சிறுவன் ஒருவனின் கண்புரையை அகற்றியபின் அவனால் உருவங்களைக் கண்டு பிரிக்க முடியவில்லை என்று எழுதினார். அதை எப்படிப் பொருள்கொள்வது என்றே பிறகு நூறு சண்டை.

இதற்கு ஒழுங்கான சோதனை 2011இல்தான் வெளிவந்தது, அதுவும் இந்தியாவில் இருந்து. பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டம், குணப்படுத்தக்கூடிய பார்வையின்மையோடு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கிறது. எட்டு முதல் பதினேழு வயது வரையான ஐந்து பேருக்குச் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு சோதித்தார்கள். தொட்டதைத் தொட்டு அடையாளம் காண முடிந்தது, பார்த்ததைப் பார்த்து அடையாளம் காணவும் முடிந்தது. தொட்டதைப் பார்த்து அடையாளம் காணச் சொன்னால் குத்துமதிப்பாகச் சொல்வதற்குக் கிட்டத்தான் வந்தது. ஆனால் சில நாட்களுக்குள்ளேயே அந்தத் திறன் வேகமாக வளர்ந்தது. ஆக, மொலினியூ கேட்டபடி பார்த்தால் பதில் "முடியாது". புதிதாகக் கிடைத்த பார்வை தெளிவடையாத நிலையில் சோதித்ததைப் பற்றி ஆட்சேபித்தவர்களும் உண்டு. இருக்கட்டும், அது இனிச் சோதனையை எப்படித் திருத்துவது என்ற சண்டை. கேள்வி இடம் மாறிவிட்டது. முந்நூறு வருடம் கதிரையில் இருந்து யோசித்தவர்கள் நேரத்தை வீணாக்கினார்கள் என்று சொல்ல முடியாது, எதைச் சோதிக்க வேண்டும் என்பதை வெட்டித் தந்தது அவர்கள்தான்.

இன்னும் ஒன்று, சுருக்கமாக. அளப்பதற்கு முன்பே துகளுக்குத் திட்டமான பண்பு உண்டா என்பதில், உண்டு என்ற ஐன்ஸ்டீனுக்கும் மறுத்த நீல்ஸ் போருக்கும் இடையிலான விவாதம் 1935இல் கிட்டத்தட்ட மெய்யியல் சண்டை. ஜோன் பெல் 1964இல் அதைச் சோதிக்கக்கூடிய கணக்காக மாற்றினார். அந்தச் சோதனைகளைச் செய்தவர்களுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐன்ஸ்டீன் எதிர்பார்த்த வகை விளக்கம், அவர் விரும்பிய வடிவில், கிடைக்காது.

எல்லாக் கேள்வியும் ஒருநாள் இப்படி ஆய்வுகூடத்துக்குப் போய்விடுமா? இல்லை. நீதி போகாது. நம் குளத்துக் கூட்டத்தையே பாருங்கள். சிறுபோகத்துக்கு முன் கமக்காரர்கள், நீர்ப்பாசனப் பொறியியலாளர், அதிகாரிகள் எல்லோரும் உட்கார்கிறார்கள். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதற்கு முடிந்த பதில் உண்டு, அளவுகோலைப் பார்த்தால் சரி. அது எத்தனை ஏக்கருக்குக் காணும் என்பதைப் பொறியியலாளர் கணக்குப் பார்த்துச் சொல்வார், கொஞ்சம் முன்பின் இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காணும் என்றால் யாருக்கு? இங்கே அளவுகோலுக்கு வேலை இல்லை. ஏக்கர்க்கணக்கில் பிரிப்பதா, குடும்பக்கணக்கில் பிரிப்பதா? போன முறை கிடைக்காதவருக்கு முதலிடமா? வாய்க்கால் கடைசிக்காரருக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் பாதி வீணாகிறது என்றால் அவரை விட்டுவிடலாமா?

ஆளுக்கொரு நியாயம் சொல்வதால் எல்லா நியாயமும் ஒன்று என்று ஆகிவிடாது. தலைவரின் உறவினருக்கு இரண்டு மடங்கு என்ற யோசனையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூசுவார்கள். அது தேர்தலில் தோற்கும் என்பதற்காக அல்ல, அதற்குக் காரணம் கிடையாது என்பதற்காக. ஜோன் ரோல்ஸ் 1971இல் சொன்ன உத்தியை இங்கே போட்டுப் பாருங்கள். உங்கள் வயல் வாய்க்காலின் தலைப்பிலா கடைசியிலா, இரண்டு ஏக்கரா இருபது ஏக்கரா என்பது உங்களுக்கே தெரியாது என்று வைத்துக்கொண்டு விதியை எழுதச் சொன்னால், பல விதிகள் தானாகவே கழன்றுவிடும். மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. அவற்றுக்குள் எது சரி என்பதில் நேர்மையான ஆட்களும் பிரிந்து நிற்பார்கள். கூட்டம் கடைசியில் கையுயர்த்தி ஒன்றைத் தீர்மானிக்கும். தீர்மானம் முடிந்தது, கேள்வி முடியவில்லை. அடுத்த சிறுபோகத்தில் மறுபடி வரும். தீர்மானத்தைப் பதில் என்று எடுத்துக்கொள்வதும், பதில் முடியவில்லை என்பதற்காகத் தீர்மானிக்காமல் விடுவதும் இரண்டுமே வயலைக் காயவைக்கும்.

ஒத்துக்கொள்ளாமை பற்றி ஒரு வார்த்தை. 2020இல் டேவிட் போர்ஷேயும் டேவிட் சால்மர்ஸும் ஏறக்குறைய 1,800 மெய்யியலாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் ஆட்கள் என்பதால் உலகம் முழுவதற்கும் பொருத்த முடியாது. நமக்கு வெளியே ஓர் உலகம் உண்மையில் இருக்கிறது, அதை அறியவும் முடியும் என்ற பக்கம் ஐந்தில் நான்கு பேர் அளவில் நின்றார்கள். காரண காரியத் தொடர் எல்லாவற்றையும் கட்டியிருந்தாலும் சுயவிருப்புக்கு இடம் உண்டு என்ற பக்கம் பத்தில் ஆறு பேர் அளவில். வேறு பல கேள்விகளில் ஆள் நடுவில் பிளந்து நின்றார்கள். தலை எண்ணி உண்மை காண முடியாது, ஆனால் "எதிலுமே ஒற்றுமை இல்லை" என்ற பேச்சு தரவுக்குப் பொருந்தவில்லை.

ஒற்றுமை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் இந்தத் துறையின் ஒழுங்கே. எதிராளியின் கட்சியை அவனே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது நம் மரபிலும் உண்டு. அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில், தன் கட்சியைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னே பிறர் கட்சிகளைச் சொல்லும் பரபக்கம் வைத்தார், கண்ணுக்குத் தெரியும் உலகமே உண்மை என்னும் உலகாயதன் தொடங்கிப் பதினான்கு கட்சிகளின் மதமும் மறுப்பும். கோயில் திண்ணையில் சித்தியார் படித்த பழைய ஆட்கள் சிலருக்கு உலகாயதனின் வாதம் உலகாயதனைவிட நன்றாகத் தெரியும். இப்படி எதிர்க்கட்சியை உயிரோடு வைத்துக்கொண்டே பேசுகிற துறையில் சண்டை சத்தமாகத்தான் இருக்கும்.

கம்பஸ் விஷயத்துக்கு: வேலைவாய்ப்புக் கவலை அப்பாவுக்கு இருந்தால் அது வேறு, அதை அவரோடு தனியாகப் பேசுங்கள், அதில் அவர் சொல்வதையும் கேளுங்கள். பாடத்தின் பெறுமதி பற்றியதுதான் கேள்வி என்றால் குளத்துக் கூட்டத்தைக் காட்டுங்கள், அவர் போகிற கூட்டம்தான் அது. பரீட்சையில் இந்த வினா வந்தால் "பலரும் பலவாறு கூறுவர்" என்று முடிக்காதீர்கள். வினாவை நான்கில் எந்த வகை என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

நான் விட்டுவைத்த மீதிக்கு என் சொந்தக் கணக்கைச் சொல்கிறேன், நிறுவ முடியாது. சுயவிருப்பில், திருப்பிக் கேட்டும் கலையாத மிச்சம் இது: நான் செய்ததை அதே நிலைமையில் செய்யாமல் விட்டிருக்க முடியுமா? மூளை ஆராய்ச்சி எவ்வளவு முன்னேறினாலும் இது தீராது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் "முடியுமா" என்பதை எப்படி அளப்பது என்பதிலேயே சண்டை. கடவுள் உண்டா என்பதில் இரு பக்கத்துப் பழைய நிரூபணங்களிலும் பெரும்பாலானவற்றில் எங்கே ஓட்டை என்று தெளிவாகக் காட்டிவிட்டார்கள். ஓட்டை இல்லாத ஒன்று வரும் என்று நான் காத்திருக்கவில்லை. நனவு பற்றிய கேள்வி, அதாவது இந்தச் சதைக்குள் வலி என்ற உணர்வு எப்படி வருகிறது என்பது, மொலினியூவின் கேள்வி போல ஒருநாள் வளவை விட்டு வெளியேறும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் போகும்போது இன்று நாம் கேட்கிற வடிவில் போகாது, இரண்டு மூன்றாகப் பிரிந்துதான் போகும். அதில் ஒன்றாவது ஆகாயப்பூ என்று தெரியவந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.